ஆணியில் தொங்காத சாவி

சம்பந்தி,

அன்றைக்கு முந்திரிக்காட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. நீங்கள் இருந்தீர்கள். நான் இருந்தேன். உங்கள் மகள், என் வீட்டுக்கு வாழ வந்த ஜெயராணி இருந்தாள், மாசமாக. பழம் பொறுக்க வந்த அஞ்சலை இருந்தாள். அவள் புருஷன் கொளஞ்சி மேற்கே வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் ஆட்கள். உங்களுக்கு மாப்பிள்ளை, எனக்கு மகன், அவன் அங்கே இல்லை. அவன்தான் உங்களைத் தோளில் சுமந்து கொண்டுவந்து சேர்த்தான் என்று இன்றைக்கு ஊர் சொல்கிறது.

காலையில் உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். மறுபடி பருவம் தொடங்கிவிட்டது. கொட்டகை போட்டாயிற்று, பழம் ஒன்றிரண்டாக விழுகிறது. மூடியில் இருந்த பிஸ்கட் படம் முக்கால்வாசி உரிந்துபோய்விட்டது. உள்ளேயிருந்து தேங்காய் எண்ணெயும் புண் மருந்தும் கற்பூரமும் கலந்த வாடை வந்தது. உங்கள் முந்தானையில் எப்போதும் இருந்த வாடை. அதை மோந்தபடி உட்கார்ந்திருக்கும்போதே வெளியே என் மகன் குரல் கேட்டது. இந்த வருஷம் புதிதாக வந்திருக்கும் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்க அத்தைக்கு சுண்ணாம்பு தீந்துபோச்சு. போயி வாங்கியாங்கன்னு என்னைய அனுப்பிச்சாங்க. நான் மட்டும் இங்க இருந்திருந்தா அப்படி ஆவ வுட்டிருப்பனா?"

பெட்டியை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திறந்து அழுத்தி மூடினேன்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் இரண்டு காரியம் கேட்டீர்கள். வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒன்று. மனதிலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மற்றது. முதலாவதை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். இரண்டாவதற்கு நான் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள். அந்தப் பதில் பாக்கி நிற்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை.

எனக்கு உங்களைப் பிடிக்காமல்தான் இருந்தது. அது உங்களுக்கும் தெரியும். கல்யாணத்தன்று எங்கள் பக்கத்து ஆட்களை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தீர்கள். சாம்பாரில் தண்ணீர் ஊற்றியிருந்தது. எனக்கு எடுத்த சேலையின் கரை ஒரே துவைப்பில் சாயம் போனது. எறையூர்ப் பக்கம் கரும்புக்குள் பிறந்தவள் நான். ஆலைச் சங்கு கேட்டு எழுந்து, கரும்புச் சோகை கிழித்த கையோடு பிள்ளை வளர்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு என் மகன் உங்களோடு சேர்ந்து செந்துறைக்கு அந்தாண்டை முந்திரிக்காடு குத்தகைக்கு எடுத்தான். என்னையும் கூட்டிக்கொண்டு வந்தான். வந்த அன்றைக்கு நான் உங்களைக் கேட்டது நினைவிருக்கிறதா? "இந்தச் சருகுக் குப்பையில படுத்துக்கிடக்கறதுக்கா பங்குனி, சித்திரை ரெண்டு மாசமும்?" என்றேன். "கொட்டைய நாய் நரி திங்காது சம்பந்தி, மனுசந்தான் திருடுவான். படுத்துத்தான் ஆவணும்" என்றீர்கள்.

அப்படித்தான் நாம் இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் தலையணை போட்டது. கரண்டு கிடையாது. போனில் டவர் கிடையாது. தார்ரோட்டில் மாதா சிலை வைத்த கெபி இருக்கிற இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், அங்கேயிருந்து மணல் பாதை. காரும் வேனும் வராது. நடந்தால் தின்ற சோறு செரித்துப்போகும். சாயங்காலமானால் விழுந்து புளித்த பழத்தின் நாற்றம் காடு முழுக்க ஏறும். அந்த நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து கொட்டையைத் திருகிக்கொண்டே உங்கள் வீட்டுக்காரர் போன கதையை ஒருநாள் சொன்னீர்கள். இதே காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம்.

"என்ன பண்றதுன்னு தெரியல சம்பந்தி. அவரு என்னையே பாத்தாரு. நான் அவரையே பாத்தேன். வேற ஒண்ணும் நடக்கல."

கொட்டை திருகுகிற கை நின்றது, உங்களுக்கும் எனக்கும்.

"பாத்துக்கிட்டு நிக்கறது ஒரு வேலையா?" என்பது அதற்குப் பிறகு உங்கள் வாய்ச்சொல் ஆகிவிட்டது. சோறு பொங்கி வழிவதைப் பார்த்து ஜெயராணி நின்றாலும் அதைத்தான் சொல்வீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் போய்ப் போய்க் கேள்வி கேட்டீர்கள். "ஏம்மா, நர்சு பரிச்சை எழுதப் போறியா?" என்று அந்த அம்மா கேட்டதை நீங்களே வந்து சொல்லிச் சிரித்தீர்கள். பிஸ்கட் பெட்டி ஒன்று பிடித்து, துவைத்துக் காயவைத்த வேட்டிக் கிழிசல், கத்தரிக்கோல், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம், கொட்டை எண்ணெய் பட்டு வெந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய், பள்ளிக்கூடத்து விசில் எல்லாம் அதற்குள் போனது. கயிற்றுக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கட்டித் தூக்குவதற்கு வாகாக வைத்தீர்கள். மரத்திலிருந்து விழுந்தவனைத் தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது. பாம்பு கடித்த இடத்தைக் கீறக் கூடாது, கட்டக் கூடாது, கடிபட்ட ஆளை நடக்க விடக் கூடாது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால் டவர் கிடைக்கும், அங்கிருந்து நூற்றெட்டுக்குப் போட வேண்டும், கெபி என்று அடையாளம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஜெபம் மாதிரி ஒப்பிக்கச் சொல்லி எங்கள் உயிரை வாங்கினீர்கள்.

முதல் வருஷம் கட்டிலில் என்னைத்தான் போட்டீர்கள்.

"படுங்க சம்பந்தி."

"எதுக்கு?"

"பாம்பு கடிச்சிருச்சின்னு வச்சுக்குவம்."

"எந்தப் பாம்பு? உங்க வூட்டுப் பாம்பா?"

"கடிபட்டவங்க பேசக் கூடாது."

"அதிகமாப் பேசறது நீங்கதான். நீங்க கடிபடுங்க, நான் தூக்கறேன்."

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன்னால் கொளஞ்சியும் அவளும் பிடித்தார்கள், பின்னால் ஜெயராணி. நாலாவது மூலைக்கு ஆள் இல்லை. என் மகன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போனில் ஏதோ விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். "அந்தத் தடியனைக் கூப்பிடுங்களேன்" என்று படுத்தபடியே சொன்னேன். "ஐயையோ, மாப்பிள்ளையவா!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, நீங்களே வந்து நாலாவது மூலையைத் தூக்கினீர்கள். "ஆத்தா, கரும்பு தின்ன ஒடம்பு, கனக்குது" என்றான் கொளஞ்சி. மானம் போயிற்று எனக்கு. அன்று முழுக்க உங்களோடு பேசவில்லை.

அந்தப் பெட்டி முதலில் காப்பாற்றியது என்னைத்தான். சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, சாப்பிடாமல் வெயிலில் பழம் பொறுக்கப் போனேன். கண் இருட்டியது, நாக்கு குழறியது. "சம்பந்திக்குச் சர்க்கரை எறங்கிப்போச்சு" என்று நீங்கள் சொன்னது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. ஈறில் சர்க்கரையைத் தேய்த்து, நான் விழித்துப் பார்க்கிறவரை என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தீர்கள். தெளிந்ததும் நான் சொன்ன முதல் பேச்சு, "சர்க்கரையில எறும்பு கெடக்குது." நீங்கள் கோபப்படவில்லை. "எறும்பு கண்ணுக்கு நல்லது" என்றீர்கள். அன்றிலிருந்துதான் இரண்டாம் பந்தியைப் பற்றி வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டேன்.

எல்லோரையும் ஆட்டிவைத்த உங்களுக்கு ஒரே ஒரு ஆளிடம்தான் வாய் வராது. மாப்பிள்ளை. அவன் வந்தால் எழுந்து நிற்பீர்கள். முந்தானையை இழுத்துத் தோளை மூடுவீர்கள். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நீங்கள் என்னைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் கொழம்பு வேணுமான்னு கேளுங்க சம்பந்தி" என்பீர்கள். "அவனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்பேன் நான். எங்கள் பக்கத்திலும் மாமியார் மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுப்பதுதான். உங்கள் அளவுக்கு நான் எங்கும் கண்டதில்லை. அவனிடம் ஒரு சொம்புத் தண்ணீர்கூட நீங்கள் கேட்டது கிடையாது.

பெட்டியைவிட, கட்டிலைவிட நீங்கள் பெரிதாக நினைத்தது வண்டியை. ஒரு மோட்டார் சைக்கிள் எந்நேரமும் காட்டில் நிற்க வேண்டும். ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும், பெட்ரோல் இருக்க வேண்டும், சாவி கொட்டகை நடுக்கம்பத்து ஆணியில் தொங்க வேண்டும். ஒரு ஆபத்து என்றால் கொளஞ்சி ஓட்டுவான், நடுவில் நோயாளி, பின்னால் ஒருத்தர் பிடித்துக்கொள்வது. கொட்டகையில் இருந்த வண்டி என் மகனுடையது ஒன்றுதான். இந்தச் சட்டத்தையும் நீங்கள் அவனிடம் நேரே சொல்லவில்லை. ஜெயராணியை விட்டுச் சொல்லச் சொன்னீர்கள். அவள் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். எதற்கும் தலையை ஆட்டுகிறவன்தான் அவன்.

உங்களுக்குக் கடைசியான அந்த வருஷம் ஜெயராணி உண்டாகியிருந்ததால் கட்டிலைத் தொட அவளை விடவில்லை. "தூக்க ஆள் பத்தலயே" என்றேன். "வண்டிதான் மொதல்ல சம்பந்தி. கட்டிலு ரெண்டாவதுதான" என்றீர்கள்.

நான் முதலில் சொன்ன அந்த நாள் காலை பழையது குடித்துவிட்டு, மரத்தில் கண்ணாடியை மாட்டி என் மகன் முகம் மழித்தான். வெளுத்த சட்டை போட்டான். உள்ளே போய்விட்டு வந்தான். நீங்கள் என் பக்கத்தில் வந்து குசுகுசுவென்று சொன்னீர்கள்.

"சம்பந்தி, மாப்பிள்ளை சாவிய எடுத்துட்டாரு."

"கூப்புட்டுக் கேளுங்க. என்னையக் கட்டில்ல போட்டு ஆட்டுன வாயி எங்க போச்சு?"

"ஐய, நான் எப்படிங்க..."

நான்தான் கத்தினேன். "டேய், வண்டி எங்கடா போவுது?"

"தோ வந்துடறேம்மா. டவுன்ல ஒரு ஆளப் பாத்துட்டு."

"சாவி ஆணியில இருக்கணும்டா!"

அவன் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டான். டவுனில் பார்க்க வேண்டிய ஆள் யார் என்று எனக்குத் தெரியும். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் சீட்டாடுகிற கூட்டம்தான் அந்த ஆள். நீங்கள் பாதையைப் பார்த்தீர்கள், ஆணியைப் பார்த்தீர்கள். பிறகு இடுப்பிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து வெற்றிலையில் தடவி, எனக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தீர்கள். டப்பி நிறையச் சுண்ணாம்பு இருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

வெயில் ஏறியபிறகு, கிழக்கே கிளை தரையில் புரளுகிற அந்தக் கிழட்டு மரத்தடிக்குப் போனோம். கோலால் சருகைத் தட்டிவிட்டுத்தான் நீங்கள் கையை விட்டீர்கள். அதையும் எழுதி வைக்கிறேன், தட்டாமல் கையை விட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கையை வெளியே இழுத்தீர்கள். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு பொட்டு ரத்தம்.

"சம்பந்தி, கடிச்சிருச்சு" என்றீர்கள். உப்புக் குறைகிறது என்று சொல்கிற குரலில்.

கண்ணாடி விரியன். சருகோடு சருகாகச் சுருண்டு சீறிக்கொண்டு கிடந்தது. அஞ்சலை கட்டையை எடுத்தாள். "அடிக்காத, அது போவட்டும். வளையலக் கழட்டு மொதல்ல" என்றீர்கள். அவள் கயிற்றைக் கொண்டுவந்தாள். "கட்டாதடி" என்றீர்கள். அழுத ஜெயராணியிடம், "ஓடாத. நடந்து போ. தொட்டி மேட்டுல ஏறி நூத்தியெட்டுக்குப் போடு. கெபின்னு சொல்லு" என்றீர்கள். நான் விசிலை ஊதினேன். கொளஞ்சி ஓடி வந்தான். உங்கள் கையைப் பனைமட்டையோடு சேர்த்து, ஆடாமல் துணியால் சுற்றினோம். எல்லாம் நீங்கள் ஒப்பிக்க வைத்தபடியே நடந்தது. "கொளஞ்சி, வண்டிய..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டீர்கள்.

கொட்டகைக்குள் எல்லோரும் அந்த ஆணியைப் பார்த்தோம்.

கட்டிலைத் தூக்கினோம். முன்னால் கொளஞ்சி ஒருத்தனே இரண்டு மூங்கிலையும் பிடித்தான். பின்னால் அஞ்சலை ஒருபக்கம், நான் ஒருபக்கம். ஒத்திகையில் நாலாவது மூலையைத் தூக்கிய ஆள் கட்டிலில் படுத்திருந்தது. மணலில் கால் புதைந்தது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்தோம். உங்கள் கை வீங்கி, வீக்கம் முழங்கைக்கு மேலே ஏறிவிட்டது. அந்த வலியிலும் என்னைப் பார்த்து, "முட்டி வலிக்குதா சம்பந்தி?" என்று கேட்டீர்கள்.

"வாய மூடுங்க. கடிபட்டவங்க பேசக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

சிரித்தீர்கள். பல்லெல்லாம் ரத்தம்.

ரோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எதிரே வண்டிச் சத்தம் கேட்டது. அவன் வந்தான். எங்களைப் பார்த்ததும் வண்டியை அப்படியே மணலில் சாய்த்துவிட்டு ஓடி வந்தான். அவனைப் பார்த்ததும் நீங்கள் செய்த காரியம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நல்ல கையால் துழாவி, முந்தானையை இழுத்து, தோளை மூடிக்கொண்டீர்கள்.

என் கையிலிருந்த மூங்கிலை அவன் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். கெபி வரைக்கும் மிச்சமிருந்த தூரம் அவன் சுமந்தான். அங்கே நூற்றெட்டு வண்டி எப்போதோ வந்து காத்துக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்கு நின்ற ஜனம் பார்த்தது அவன் தோளில் இருந்த மூங்கிலைத்தான்.

தொட்டி மேட்டிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்ட ஜெயராணி, நூற்றெட்டு வண்டிக்குள் வைத்துத்தான் அவனைப் பிடித்தாள். "எங்க போனீங்க? சாவி ஏன் ஆணியில இல்ல? சொல்லுங்க, எங்க போனீங்க?" அவன் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நான்தாண்டி அனுப்பிச்சேன். சுண்ணாம்பு தீந்துபோச்சு. மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லாத."

சொம்புத் தண்ணீர் கேட்காத வாய். முதல் தடவையாக அவனை ஒரு வேலைக்கு அனுப்பியது, பொய்யில். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை அத்தை என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு அரியலூர் வரைக்கும் நேரம் இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் உங்கள் சாமான்களைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார்கள். வளையல், ஜெபமாலை, சுண்ணாம்பு டப்பி. டப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, ஜெயராணி கண்ணில் படாமல் என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஊசி ஏற்றினார்கள். மூத்திரம் நின்றுபோனது. வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மிஷினில் போட்டார்கள். "இன்னுங் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றார் டாக்டர். யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை அது. உங்களுக்குப் புத்தி தெளிவாக இருந்த ஒரு சாயங்காலம் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க சம்பந்தி. வயித்துப் புள்ளையோட இருக்கறா. இந்த ஒண்ண வச்சுக்கிட்டே ஆயுசுக்கும் அவரப் பாப்பா."

"சரி."

"நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க."

"நான் ரெண்டாம் பந்தியவே இன்னும் மறக்கல."

"அது எங்க பெரியப்பா பண்ணுன வேல" என்று சிரிக்கப் பார்த்தீர்கள். உதடு வெடித்திருந்தது. "சரின்னு சொல்லுங்க சம்பந்தி. நீங்க பெத்த புள்ளயாச்சே."

அப்போதுதான் நர்ஸ் வந்தாள்.

அடக்கத்தன்று அவன் அழுதான். பொய் அழுகை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் இருக்கிறதே தவிர கண் குருடில்லை. "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும், மாமியாரத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தான்" என்று ஊர் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டான். உங்கள் வருஷ நினைவுத் திருப்பலிக்குள் ஆமாம் என்று தலையை ஆட்ட ஆரம்பித்தான். இப்போது அவனே சொல்கிறான். எந்தக் கடை என்று சொல்கிறான். அந்தக் கடையில் சுண்ணாம்பு இல்லாமல் அடுத்த கடைக்குப் போனேன் என்கிறான். முகத்தைப் பார்த்தால் அவனே நம்பிவிட்டான் என்றுதான் தோன்றுகிறது.

வீட்டில் சுண்ணாம்பே கிடையாது இப்போது. ஜெயராணி விடுவதில்லை. "அந்தச் சுண்ணாம்புதான எங்கம்மாவக் கொன்னுது" என்கிறாள். "பாவம் அத்தை அவரு. சுண்ணாம்பப் பாத்தாலே மொகம் சுண்டிப்போவுது" என்கிறாள். நான் "ம்" என்கிறேன். வெறும் வெற்றிலையை மெல்லுகிறேன். மாட்டுக்குப் போட்ட தழை மாதிரி இருக்கிறது. உங்கள் பேத்தி என் மடியில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறது. உங்கள் மூக்கு அதற்கு. ஒன்றும் சொல்வதற்கில்லை.

காட்டுக்கு வந்தால்தான் உங்கள் டப்பியை எடுக்கிறேன். காய்ந்துபோனதைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, துளித் துளியாக எடுத்துக்கொள்கிறேன். கொட்டகையில் என் பாய் ஒன்றுதான். என் மகன் ராத்திரிக்கு வேப்பமரத்தடியில் படுத்துக்கொள்கிறான். நாள் முழுக்க அஞ்சலை ஏதாவது தப்புச் செய்வாள், புதுப் பெண் கொட்டையைப் பழத்தோடு சேர்த்துப் பிய்ப்பாள், எனக்கு நல்ல நல்ல வசவாக வாயில் வரும். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் வசவு எதற்கு? விழுங்கிவிடுகிறேன். அஞ்சலை பயந்து, "ஆத்தாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறாள்.

நேற்று கட்டில் ஒத்திகை வைத்தேன். அஞ்சலையைப் படுக்கவைத்தேன். முன்னால் கொளஞ்சியும் புதுப் பெண்ணும். பின்னால் நான். நாலாவது மூலைக்கு என் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். உங்களுக்குத்தான் அவன் மாப்பிள்ளை, எனக்கு என்ன? வந்து தூக்கினான். "நீயும் அத்தை மாதிரியே ஆயிட்டம்மா" என்று சிரித்தான். மூங்கில் என் தோளில் பழைய இடத்தைத் தேடிக்கொண்டுபோய் உட்கார்ந்தது. அந்த இடம் இன்னும் ஆறவில்லை. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சாவி இப்போது ஆணியில் தொங்குவதில்லை. என் இடுப்பில், உங்கள் டப்பிக்குப் பக்கத்தில் முடிந்திருக்கிறது. ராத்திரியும் அவிழ்ப்பதில்லை. கொளஞ்சி ஒரு பழைய வண்டி வாங்கியிருக்கிறான். அது வந்து ரோட்டைப் பார்த்து நின்றால்தான் இதை அவிழ்ப்பேன். அதுவரைக்கும் என் மகன் என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இன்றும் நின்றான், புதுப் பெண்ணிடம் அந்தக் கதையைச் சொல்லி முடித்த கையோடு.

"சாவியக் குடும்மா. டவுனுக்குப் போவணும்."

நான் அவிழ்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். அரியலூர் வரைக்கும் பார்த்தேனே, அதே மாதிரி. யாரும் பக்கத்தில் இல்லை. அத்தை என்னை அனுப்பவில்லை அம்மா என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவன் சொன்னால் போதும். நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. நானும் அவனும் சேர்ந்து அழுதுவிட்டு எழுந்து பழம் பொறுக்கப் போயிருப்போம்.

"சொல்லுடா" என்றேன்.

"என்னத்தம்மா சொல்றது?"

"ஒண்ணுமில்ல. கொளஞ்சி வரட்டும்."

வண்டியை எடுத்ததற்கு என்றால் நான் எப்போதோ விட்டிருப்பேன் சம்பந்தி. சீட்டாட்டத்துக்குப் போகாத ஆம்பிளை எந்த ஊரில் இருக்கிறான்? சாகிற வலியில் நீங்கள் அவன்மேல் போர்த்திய துணியை அவன் சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறான். உங்கள் பெண் அதைத் துவைத்துக் கொடுக்கிறாள். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு வேலையா என்று கேட்பீர்கள். நீங்கள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன வேலை அதுதான்.

உங்கள் மகளிடம் சொல்ல மாட்டேன். அந்தச் சத்தியம் என்னோடு குழிக்குள் வரும். இரண்டாவதாகக் கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான். உங்கள் பெரியப்பாவை இன்றோடு விட்டுவிட்டேன், சேலைக் கரையையும் விட்டுவிட்டேன். ஒருத்தனை விட முடியவில்லை. அவனுக்குக் கோயிலில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியபோது என்ன பேர் என்று சாமியார் கேட்டார். கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு நான்தான் சொன்னேன். அந்தப் பேரை இங்கே எழுத்துக் கூட்டி எழுதி வைக்கிறேன்.

சூசைராஜ்.